ஆம்பூருக்கு விசாரிக்க வந்த ஆள்

எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் ரயிலிலிருந்து இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இன்னார் மகன் எப்படி என்று பேச்சுக் கொடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறார். ஆம்பூரில் மட்டுமில்லை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, எங்கே போனாலும் அப்படித்தான். வந்தவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். பதில் சொல்கிறவரும் புரிந்துகொண்டதாகக் காட்டமாட்டார். என் அக்காவுக்கு வரன் பார்த்தபோது, தோல் வாங்கப் போகிற மாதிரி ஒரு தரகரை என் அப்பா வாணியம்பாடிக்கு அனுப்பினார். அவர் இரண்டு நாள் தங்கி, ஒரு தோல்கூட வாங்காமல், மாப்பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான் என்பதுவரை தெரிந்துகொண்டு வந்தார். அங்கே சொன்னதில் பாதியை அப்பா தள்ளுபடி செய்தார். தள்ளுபடி ஆகும் என்று தெரிந்துதான் அவர்களும் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். அக்கா அந்த வீட்டில் நன்றாகவே வாழ்ந்தாள்.

தோல் பதனிடுகிற தொழிற்சாலையை எங்கள் பக்கம் தோல்ஷாப்பு என்பார்கள். நான் ஒரு தோல்ஷாப்புக்காரரின் ஒரே மகன். சந்தேகம் எனக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட குணமில்லை. எங்கள் வீட்டில் சோறும் அதுவும் ஒன்றாகத்தான் பரிமாறப்பட்டது. வருகிற தோலை யாரும் முதலில் முன்பக்கம் பார்ப்பதில்லை. முன்பக்கம் பளபளவென்று இருக்கும். கத்தி பட்ட வெட்டும் பூச்சி அரித்த ஓட்டையும் புரட்டினால்தான் தெரியும். எடை கூட்ட விற்கிறவன் மண்ணைத் தடவியிருப்பான், உப்பை அள்ளிப் போட்டிருப்பான். எங்கள் ஷாப்பில் நுழைகிற எதுவும் குற்றவாளியாகத்தான் நுழையும், பிறகுதான் விடுதலை ஆகும். மனிதர்களையும் நான் அப்படியே பார்த்தேன். அது புத்திசாலித்தனம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் இன்னொரு பிள்ளையும் வளர்ந்தான். நான் பிறந்த அதே மாதத்தில் எங்கள் ஷாப்பில் தோல் தரம் பிரிக்கிறவரின் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். அந்தக் குழந்தைக்கு என் அம்மா பால் கொடுத்தாள். எங்கள் மார்க்கத்தில் பால் உறவு லேசான விஷயமில்லை. அம்மா கோஷா, அந்நிய ஆண் யாரும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அவன் மீசை முளைத்த பிறகும் திரையை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே போகலாம், அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடலாம். அவனும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான். ஒன்றே ஒன்றுதான் இல்லை. பாலுக்குச் சொத்துரிமை கிடையாது. நான் சின்ன முதலாளி. அவன் தன் அப்பாவுக்குப் பிறகு அதே தரம் பிரிக்கிற மேஜைக்குப் போனான். இது அவனுக்கு வலிக்குமா என்று சில சமயம் யோசித்திருக்கிறேன். யோசித்தேனே தவிர, கேட்டதில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடத்தில் நான் வெளிநாட்டுத் தூதர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினேன். ஏன் எழுதினேன் என்றால், சுண்ணாம்புக் குழி வாசனை இல்லாத ஒரு சட்டையைப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. இதைவிட உயர்ந்த காரணத்தைப் பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், அதையெல்லாம் நம்ப வேண்டாம். அப்பாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஐம்பது குழி ஓடுகிற ஷாப்பை விட்டுவிட்டு இன்னொருவனிடம் கைகட்டி நிற்கப் போகிறாயா என்றார். நான் போவது உறுதியானால் ஷாப்பை மதராஸ் வியாபாரி ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். குத்தகைக்கு வருகிறவர் தன் ஆட்களைக் கொண்டுவருவார். அப்படியானால் என் பால் சகோதரனுடைய மேஜை போய்விடும். இந்தக் கணக்கை நான் மனதின் ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொண்டேன்.

டெல்லியில் பயிற்சி முடிந்தது. என்னுடன் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உத்தரவு வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. ஃபைல் மேலே இருக்கிறது என்றார்கள், பிறகு கீழே இருக்கிறது என்றார்கள். என் மேஜையில் யாரும் முக்கியமான காகிதம் எதையும் வைப்பதில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். என் தபால் ஒட்டிய இடத்தில் மறுபடி ஒட்டப்பட்டு வந்தது. நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது. சந்தேகப்படுவதில் பரம்பரைப் பயிற்சி உள்ள எனக்கு, சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது. கண்ணாடியில் என் முகமே திருட்டு முகமாகத் தெரிந்தது.

ஒருநாள் மேலதிகாரி ஒருவர் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கராச்சியில் உங்களுக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டார். என் மாமா, அம்மாவின் தம்பி, தேசம் பிரிவதற்கு முன்பே கராச்சிக்குப் போய்த் தோல் கடை வைத்தவர். அதை நான் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். வாடகைக் கடை, வாடகை வீடு. எனக்கு அங்கே ஒரு செங்கல்கூட இல்லை என்றேன். உங்கள் பெயரில் வீடு வாங்கி வைத்திருப்பதாகவும், அந்த மாமாவின் மகளை உங்களுக்கு நிச்சயித்திருப்பதாகவும் உங்கள் ஊரிலிருந்தே தகவல் வந்திருக்கிறது என்றார். இரண்டையும் நீங்கள் எழுதவில்லையே என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அந்தக் காலத்தில், என் பெயரை வைத்துக்கொண்டு, இந்த இரண்டும் உண்மையானால் எனக்குத் தூதர் வேலை கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே கேள்விதான். சொன்னது யார்?

டீக்கடையில் ஆரம்பித்தேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, ஒரு ஆள் வந்து என்னைப் பற்றிக் கேட்டதை அவராகவே சொன்னார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, வெற்றிலை ஜாஸ்தி போடுகிறவர். பெண் வீட்டுக்காரர்தானே என்று நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, தம்பி பச்சைத்தண்ணி தவிர ஒன்றும் குடிக்காது என்று சொல்லிவிட்டோம் என்றார். நாவிதர், நான் ஐந்து வேளைத் தொழுகையும் தவறவிடாதவன் என்று சொல்லியிருந்தார். தொழுகைக்கும் எனக்கும் இருந்த தூரம் அப்பாவுக்குத் தெரியும், நாவிதருக்கும் தெரியும். வண்டிக்காரர் எனக்குப் பாலாற்றங்கரையில் இல்லாத ஒரு தென்னந்தோப்பை எழுதி வைத்திருந்தார். சர்க்கார் அனுப்பிய ரகசிய ஆளை ஊர் முழுக்கச் சேர்ந்து பெண் வீட்டு ஆளாக்கி, வெற்றிலை கொடுத்து, புளுகி அனுப்பியிருந்தது. வேறு சமயமாயிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று ஒவ்வொருவரையும் கராச்சி பற்றி ஏதாவது சொன்னீர்களா என்று குடைந்தேன். யாரும் சொல்லவில்லை. நாவிதருக்குக் கராச்சி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

அந்த ஆள் கடைசியில் உங்கள் வீட்டுக்கும் போனார் என்று வண்டிக்காரர்தான் சொன்னார். அப்பா அன்று மதராஸில். வாசலில் நின்று அவரோடு பேசியது என் பால் சகோதரன்.

என் மனதில் குறித்து வைத்திருந்த கணக்கு உடனே எழுந்து உட்கார்ந்தது. நான் போனால் ஷாப்பு குத்தகைக்குப் போகும், அவன் மேஜை போகும். நான் போகாவிட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நேராக ஷாப்புக்குப் போனேன். பகல் வெளிச்சம் நன்றாக விழுகிற வடக்கு ஜன்னலோரம் அவன் மேஜை. ஆவாரம்பட்டையில் ஊறிக் காய்ந்த தோல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தான். எப்ப வந்த என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆளிடம் கராச்சி வீட்டைப் பற்றியும் மாமா மகளைப் பற்றியும் சொன்னது நீயா என்று கேட்டேன். ஆமாம், அதுக்கு இன்னா இப்போ என்றான், இன்னமும் சிரித்துக்கொண்டே. வந்தவர் பெண் வீட்டுக்காரர் இல்லை, டெல்லியிலிருந்து என்னைப் பற்றி விசாரிக்கச் சொல்லி வந்த போலீஸ், நீ சொன்னதால் என் வேலை போகப் போகிறது என்றேன்.

அவன் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கிவிட்டது. கையில் இருந்த தோலை வைத்துவிட்டு அடுக்கின் மேலேயே உட்கார்ந்தான். குற்றவாளி அகப்பட்டுக்கொண்ட முகம் என்று நான் அதைப் படித்தேன். மனிதர்களின் முகத்தைப் படிக்கிற வேலையில் பிற்காலத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

"என் வாயால சொன்னதுதான்," என்றான் கடைசியில். "என் சொல் இல்ல."

"அப்போ யார் சொல்?"

"அத மட்டும் கேக்காத."

யாராவது வியாபாரி சொல்லிக் கொடுத்தானா, குத்தகை விஷயத்தில் யாராவது தூண்டினார்களா என்று கத்தினேன். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினானே தவிர ஒரு பெயரும் சொல்லவில்லை. குழியில் வேலை செய்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் அப்பாவிடம் போய், நம் வீட்டுப் பால் குடித்த பிள்ளை ஒத்துக்கொண்டான் என்றேன். நீயே கேட்டாயா, நிச்சயம்தானா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். நிச்சயம் என்றேன். அவன் அடுத்த வாரம் ராணிப்பேட்டையில் வேறொருவர் ஷாப்பில் வேலைக்குப் போய்விட்டான். சம்பளம் ஜாஸ்தி என்று போனதாக அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு மனசு ஆறாது, உண்மை தெரிய வேண்டாம் என்று எங்கள் இருவருக்குள் ஏற்பாடு. நானும் அதை ஒரு பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன்.

என் விவகாரம் தீர ஒன்றரை வருடம் ஆயிற்று. மறுபடி விசாரித்தார்கள். மாமாவின் வாடகைச் சீட்டு வந்தது. மாமா மகளுக்குக் கராச்சியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆனது பெரிய உதவியாக இருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போயிருந்தார்கள். என்னை மேற்காசியாவில் ஒரு சின்னத் தலைநகருக்கு அனுப்பினார்கள். பிறகு இன்னொன்று, பிறகு வடக்கே குளிர்தேசம் ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் புது வீட்டுக்குள் நுழைந்ததும் படங்களைக் கழற்றிப் பின்னால் பார்ப்பேன். என் மனைவி, எங்க வீட்டுக்காரர் இன்னும் தோல்தான் புரட்டுகிறார் என்று தன் தங்கைக்குக் கடிதம் எழுதினாள். அந்தக் கடிதத்தையும் நான் பிரித்துப் படித்தேன். அதனால்தான் எனக்குத் தெரியும்.

அந்த வேலையைப் பற்றி வெளியில் என்னென்னவோ நினைக்கிறார்கள். விருந்து, கார், கொடி. உள்ளபடி அது என்னவென்றால், டெல்லியில் யாரோ எழுதிய வாக்கியத்தை இன்னொரு தேசத்துக்காரர் முகத்துக்கு நேரே என் வாயால் சொல்வது. ஒரு தடவை ஒரு அமைச்சரிடம் நான் துளியும் நம்பாத ஒன்றை, நம்புகிறவன் குரலில் பத்து நிமிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, இது உங்கள் சொல் இல்லை என்று எனக்குத் தெரியும், வாருங்கள், காபி குடிக்கலாம் என்றார். அந்த மரியாதையை என்னால் மறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். மனிதன் என்றால் அவன் மனிதன் என்றேன். வேறு யார் ஞாபகமும் எனக்கு அப்போது வரவில்லை என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா போய்விட்டார். ஷாப்பு கடைசியில் குத்தகைக்கே போயிற்று. நோன்பு மாதத்தில் நீண்ட லீவில் ஆம்பூர் வந்து அம்மாவோடு இருந்தேன். அவளுக்குக் கண் மங்கியிருந்தது, நாக்கு மங்கவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சு உருது. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு மத்தியானம், நீ இல்லாத பெருநாளுக்கெல்லாம் அவன் ராணிப்பேட்டையிலிருந்து வந்து என் கையால் சேமியா சாப்பிட்டுவிட்டுப் போவான், இந்தத் தடவை நீ இருக்கிறாய், வருவானோ மாட்டானோ என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவன் எதற்காக வருகிறான் என்று என் புத்தி உடனே புரட்டத் தொடங்கியது.

அம்மா அதற்குள் வேறெதையோ நினைத்துச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். உனக்குச் சொன்னதே இல்லை, நீ டெல்லியில் இருந்தபோது மதராஸ்காரர்கள் உன்னை விசாரிக்க ஆள் அனுப்பினார்கள் என்று ஆரம்பித்தாள். அப்பாவுக்கு மதராஸ் தோல் ஏற்றுமதிக்காரர் ஒருவரின் பெண்ணை எனக்குப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அம்மாவுக்குத் தன் தம்பி மகள்தான் வேண்டும். வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றதும், இது மதராஸ் ஆள்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கோஷாப் பெண் அந்நியரிடம் பேச முடியாது. திரைக்கு உள்ளேயும் வெளியேயும் போகக்கூடியவன் ஒருவன் இருந்தான். வந்தவர் கேட்டதை அவன் உள்ளே வந்து சொன்னான். அவள் சொன்ன பதிலை வெளியே போய்த் தமிழில் சொன்னான்.

"கராச்சியில வீடு வாங்கியாச்சு, மாமா பொண்ணு நிச்சயமாச்சுன்னு சொல்லச் சொன்னேன். பொய்யாச்சே அம்மான்னான். நீ என் வாய், அவ்வளவுதான், போய்ச் சொல்லுன்னேன். என்னமா சொன்னான் தெரியுமா. அந்த ஆள் திரும்பியே பார்க்கல."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். அந்த ஒரு பொய்யால் என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என்ன ஆவாள் என்பதை, அன்று தோல் அடுக்கின் மேல் உட்கார்ந்த அந்த ஒரு நிமிடத்திலேயே அவன் யோசித்து முடித்திருந்தான். பெயரைச் சொன்னால் நான் நேராக வீட்டுக்குப் போய் அவளிடம் கத்துவேன். என் குணம் அவனுக்குத் தெரியும். ஊரில் நாவிதரைக்கூட விடாமல் கேட்ட நான், அம்மாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவள்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகத்தை எல்லாம் அவளுடைய இன்னொரு பிள்ளைமேல் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ராணிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். அங்கேயும் வடக்கு ஜன்னலோரம்தான் நின்றிருந்தான். முன்தலை வழுக்கை, விரல் நுனியெல்லாம் பட்டைச் சாறு ஏறிய அதே பழுப்பு. என்னைப் பார்த்ததும் தோலைக் கீழே வைத்தான். அம்மா சொன்னாங்க என்றேன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பேசியே சம்பளம் வாங்குகிறவன் நான்.

அவன் முதலில் கேட்டது ஒன்றுதான். "அதனால இன்னா ஆச்சுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்ல. நான் சொல்லல."

"சொல்லாத."

மன்னித்துவிடு என்றேன். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். குழந்தைகள் எத்தனை என்று கேட்டான், தனக்கு மூன்று என்றான். பெருநாளுக்கு நான் இருக்கும்போதே வா என்று கூப்பிட்டேன். ஷாப்பில் வேலை கம்மியாக இருந்தால் பார்க்கலாம் என்றான். வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பெருநாள் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியபோது அவன் உள்ளே அம்மாவின் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் சேர்த்து ஒரே தட்டில் சேமியா வந்தது. இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அம்மா எங்கள் இருவர் முகத்தையும் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, மதராஸ் ஆளை விரட்டின கதையை இவனிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்குச் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டு என்றாள்.

அவன் ஸ்பூனை வைத்தான். எழுந்து வாசல் பக்கம் போனான். திரையை விலக்கிக்கொண்டு, அங்கே யாரோ நிற்கிற மாதிரி, அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியே சொன்னான்: "கராச்சில தம்பி பேர்ல வூடு வாங்கியாச்சு. மாமா பொண்ணு நிச்சயமாயிடுச்சு. நீங்க வேற எடம் பாருங்க."

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எங்கே, உன் சிரிப்பைக் காணோமே என்று என் கையைத் தட்டினாள். நான் சிரித்தேன், அவள் காதுக்குப் போதுமான அளவு சத்தமாக. திரையைப் பிடித்தபடி அவன் அங்கேயே நின்றான், என் சிரிப்பு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.